நாடாத் தடம்

உக்காரு தாயி. இந்தா, பைய எடுத்துக்கிடுறேன். அவசரமில்ல, இன்னும் நேரம் கெடக்கு. உள்ள போன அம்மா இன்னும் வெளிய வரல. நீ எதுக்கு வந்துருக்க? கையா? காட்டு பாப்போம். அட, இது சாக்பீஸ் பொடி பட்டுச் சொரிஞ்ச கைல்ல? டீச்சராத்தான் இருக்கணும். சேலையப் பாத்தாலே தெரியுதே, பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரி எடுத்துக் குடுத்த சேலை.

எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல தாயி. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எனக்குத் தெரிஞ்ச பொம்பள ஒருத்தருக்காக வந்துருக்கேன். அவுகளுக்கு இங்க வரக் கூச்சம். நீ போயி டாக்டர்ட்ட என்ன ஏதுன்னு கேட்டுட்டு வான்னு அனுப்புனாக. டோக்கன்ல யாரு பேரா? யாரு பேருல போட்டா என்ன, விசயம் தெரிஞ்சாச் சரிதான?

சொல்றேன், இங்க சும்மாதான இருக்கோம். எங்க ஊரு அருப்புக்கோட்டை. எங்க தெருவுல ஒரு மகளிர் மன்றம் இருக்கு, அந்தம்மாதான் தலைவி. நல்ல பொம்பள. நாலு பேரு மதிக்கிற பொம்பள. நான் சொல்றேன்னு இல்ல, நீ எங்க தெருவுல வந்து யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு. அவுக சேலை கட்டுனா காலையில வச்ச மடிப்பு வச்ச எடத்துல நிக்கும். கல்யாண வீட்டுல பந்தி விசாரிப்பாக, குனிவாக, நிமிருவாக, பாத்திரம் தூக்குவாக. சேலை ஒரு விரக்கடை எறங்காது. மத்த பொம்பளைக எல்லாம் நாலு எட்டு நடந்துட்டு இடுப்பப் புடிச்சுச் சேலையத் தூக்கித் தூக்கிச் சொருகுவாளுக. அந்தம்மாவுக்கு அந்த வேலையே கெடையாது.

எல்லாம் பாவாடை நாடாவுல இருக்கு. வயித்த எக்கி, மூச்சப் புடிச்சு, நாடாவ இழுத்து ஒரு கட்டு. அவுக அம்மா சொல்லிக் குடுத்தது. 'இடுப்புல சேலை நிக்காத பொம்பள எதுல நிப்பா'ன்னு கேப்பாக அவுகளப் பெத்த அம்மா. தாவணி போட்ட வயசுல கட்ட ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் அதே எடம், அதே இறுக்கம். இடது பக்கம்தான் முடிச்சு.

அதனால இடுப்பச் சுத்திக் கருப்பா ஒரு தடம் விழுந்துரும். அது எல்லாருக்கும் உள்ளதுதான? உனக்கில்லையா? சும்மா சொல்லு, இங்க ஆம்பளைக யாருமில்ல. ம், பாத்தியா, உனக்கும் இருக்கு. அது வெயில் காலத்துல அரிக்கும். பொருக்குப் பொருக்கா உரியும். தேங்கா எண்ணெயத் தொட்டுத் தேச்சா அடங்கும். அடங்குனதும் அதே எடத்துல மறுபடி நாடா. இதுக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாகளா?

எங்க தெரு மண்டபத்துல வருசா வருசம் பங்குனிப் பொங்கலுக்கு முன்னாடி ஒரு முகாம் நடக்கும். தோலு முகாம். இந்த ஆஸ்பத்திரியிலருந்துதான் வருவாக. தேன்மொழின்னு ஒரு பொம்பள டாக்டரு. உள்ள இருக்காகளே, அவுகதான். மொத வருசம் அவுக மைக்கப் புடிச்சு, 'தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் பாப்போம், எல்லாரும் வாங்க'ன்னு சொன்னதுதான் தாமசம், வந்திருந்த பொம்பளைக பாதிப் பேரு செருப்பத் தேட ஆரம்பிச்சுட்டாளுக. உடம்ப அவுத்துக் காட்டுறதாம், அதுவும் ஒரு நோயும் இல்லாம!

அந்த டாக்டரு விடல. 'பல்லுக்குப் போறீங்க, கண்ணுக்குப் போறீங்க. உடம்பு பூராவும் இருக்குற தோல மட்டும் யாருட்டயும் காட்டுறதில்ல. உங்க முதுக நீங்களே பாக்க முடியுமா? வருசத்துக்கு ஒரு தடவ, தோலப் பத்திப் படிச்சவங்க கண்ணு உங்க மேல படணும்'ன்னு சொன்னாக. ஒருத்தி எந்திரிச்சு, 'நாங்க கண்ணு படக்கூடாதுன்னு சுத்திப் போட்டுக்கிட்டுத் திரியுறோம், நீங்க கண்ணு படணும்ங்கிறீக'ன்னு கேட்டா. ஒரே சிரிப்பு. டாக்டரும் சிரிச்சுட்டாக. அந்தச் சிரிப்புலதான் பாதிப் பேரு உக்காந்தாக.

மீதிப் பேர உக்கார வச்சது அந்தம்மா. மணமகள் அறையிலதான் பரிசோதனை. அந்த அறைச் சன்னலு மூடாது, கதவுக்குத் தாப்பா இல்ல. அந்தம்மா வீட்டுக்கு ஓடிப்போயி ஒரு போர்வையக் கொண்டாந்து, இன்னொருத்திய மறுமுனையப் புடிக்கச் சொல்லி, மறைப்பா நின்னுட்டாக. முகத்தச் சுவரு பக்கமாத் திருப்பிக்கிடுவாக. 'நான் பாக்க மாட்டேன்டி, டாக்டர் மட்டும்தான் பாப்பாக, வா'ன்னு சொல்லுவாக. 'நான் மொத ஆளாக் காட்டிட்டேன், ஊசியும் இல்ல, ஒண்ணும் இல்ல, பாத்துட்டு விட்டுருவாக'ன்னு வேற சொல்லுவாக.

இல்ல தாயி. காட்டல.

அது எப்படிக் காட்டுவாக? தலைவிக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல? கடைசியா டாக்டரு, 'நீங்க வாங்கம்மா'ம்பாக. உடனே அந்தம்மா, 'சாப்பிடாம எப்படி டாக்டர், எலை போட்டாச்சு'ன்னு எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவாக. தயிர்சாதம், மாவடு, வடை, பாயாசம். அந்த டாக்டரு வாய நெறைய வச்சுக்கிட்டு, 'சாப்பிட்டதும் நீங்க'ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள இன்னொரு கரண்டி விழுந்துரும். அடுத்த வருசம் வேற ஒரு சாக்கு. அதுக்கடுத்த வருசம் இன்னொண்ணு. எல்லாருக்கும் போர்வை புடிச்ச பொம்பளைக்குப் போர்வை புடிக்க ஆரு வருவா, நீயே சொல்லு. சின்னஞ்சிறுசுகளக் கூப்புட்டு, 'இந்தா புடி, நான் பாவாடைய எறக்கணும்'ன்னு சொல்ல முடியுமா?

எங்க தெரு முக்குல சண்முகக்கனின்னு ஒருத்தி பூ விக்கிறா. அவளுக்குக் கூச்சம்னா அப்படி ஒரு கூச்சம். முகாம் பக்கமே எட்டிப் பாக்க மாட்டா. போன வருசம் அந்தம்மா அவ கையப் புடிச்சு, கட்டிக்கிட்டிருந்த பூவோட இழுத்துட்டு வந்துட்டாக. 'உன்ன என்ன உரிச்சா பாக்கப் போறாக?'ன்னு ஒரு அதட்டு. போர்வைக்குப் பின்னால விட்டாச்சு. வழக்கம்போல முகத்தத் திருப்பியாச்சு.

டாக்டரு பேச்சு திடீர்னு நின்னு போச்சு. ஒருத்தருக்கும் அவுக அப்படிச் சும்மா இருந்ததில்ல. அதனால அந்தம்மா திரும்பிப் பாத்துட்டாக. அந்த ஒரு தடவதான். கனியோட இடுப்பு. நாடாத் தடத்துல, முடிச்சு விழுற எடத்துல, ஒரு புண்ணு. ஓரம் தடிச்சு, நடுவுல குழிஞ்சு, செவசெவன்னு.

'இது எத்தன நாளா இருக்கு?'ன்னு டாக்டரு கேட்டாக. 'அது ஆறும், திரும்ப வரும் டாக்டர், நாடா உரசுன புண்ணுதான'ன்னு கனி சொன்னா. ரொம்ப நாளா ஆறாத புண்ண அப்படி விடக்கூடாதுன்னு சொல்லி, மதுரைக்கு, இதே ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி, துளியூண்டு சதையக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புனாக. புத்துநோய். தோல்ல வர்ற புத்துநோய். நாடா ஒரே எடத்துல வருசக்கணக்கா அறுத்தா, எப்பவாவது ஒருத்தருக்கு இப்படி ஆகுமாம். எல்லாருக்கும் வராதாம், நீ பயந்துக்காத. நேரத்துல பாத்ததால வெட்டி எடுத்துத் தையல் போட்டு அனுப்பிட்டாக. இப்பப் பழையபடி முக்குல உக்காந்து பூக் கட்டுறா. பாவாடைய மட்டும் அகலப் பட்டி வச்சுத் தொளதொளன்னு கட்டுறா. சேலை எறங்குது, தூக்கிச் சொருகிக்கிறா.

அந்தம்மா அன்னைக்கு வீட்டுக்குப் போயி என்ன செஞ்சாக தெரியுமா? குளியலறைக் கதவச் சாத்திட்டு நாடாவ அவுத்தாக. பாத்தாக. திரும்ப முன்னவிட இறுக்கிக் கட்டிக்கிட்டாக.

ஏன்னு கேட்டா என்ன சொல்றது? மொத ஆளாக் காட்டிட்டேன்னு ஊரு பூராவும் சொல்லியாச்சு. இப்பப் போயி, 'டாக்டர், நான் காட்டவே இல்ல, எனக்கும் இருக்கு'ன்னு நிக்க முடியுமா? ஊருக்குத்தான் உபதேசம்னு சிரிக்க மாட்டாகளா?

இந்த வருசம் பங்குனிப் பொங்கல் அன்னைக்கு மன்றத்துல விழா. நாற்காலி எல்லாம் நெறஞ்சு போச்சு. அந்தக் கனி சும்மா இருக்கக் கூடாதா? விறுவிறுன்னு மேடையில ஏறிட்டா. கையில ஒரு பொன்னாடை, அவளே கட்டுன மல்லியப்பூ மாலை. மைக்கப் புடிச்சுட்டா, பேச்சே வராதவ! 'அக்கா மட்டும் என் கையப் புடிச்சு இழுக்கலேன்னா எம் புள்ளைக தாயில்லாப் புள்ளைகளா நிக்கும்'ன்னு சொல்லி அழுதா. கீழ எல்லாரும் கைதட்டுறாக. பொன்னாடையப் போத்தி, மாலையப் போட்டு, அம்புட்டுப் பேரு முன்னாடியும் கால்ல விழுந்துட்டா. அவளத் தூக்கலாம்னு குனிஞ்சேன் பாரு, நாடா அந்த எடத்துல நல்லா அழுத்தி, எனக்கு இடுப்புல ஈரமாயிருச்சு. மாலையக் கீழ எறக்கி அந்த எடத்த மறைச்சுக்கிட்டே நின்னேன். போட்டோவுல கூட அப்படித்தான் நிக்கிறேன்.

என்ன பாக்குற?

ஆமா. எனக்குத்தான். தெரிஞ்ச பொம்பளையும் இல்ல, தெரியாத பொம்பளையும் இல்ல. டோக்கன்ல மனோரஞ்சிதம்னு போட்டிருக்கு பாரு, அது நான்தான். நீ மொதல்லயே கண்டுபிடிச்சிருப்ப. டீச்சருல்ல?

எனக்கு அந்தக் கனி மேலதான் கோவம். நன்றி சொல்லணும்னா வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டியதுதான? அவ மேடை ஏறலேன்னா நானே ஒரு நாளு சத்தமில்லாம வந்து காட்டியிருப்பேன். பொன்னாடையப் போட்டு என் வாயக் கட்டிட்டா. இப்ப வந்து காலையில பூக் குடுக்கும்போது, 'அக்கா நல்லா இருக்கீகளா'ன்னு கேக்குறா. நல்லா இருக்கேன்னு சொல்லி வாங்கிக்கிடுறேன். அவ கட்டுன பூவ வைக்கவே கூசுது தாயி. வாங்கிக் கொண்டுபோயி சாமி படத்துல போட்டுருறேன்.

அவளாவது வெளியாளு. என் மருமக இருக்காளே சுகந்தி, அவ செஞ்சதக் கேளு. என் பாவாடைய நான்தான் தொவைப்பேன். யாரு கையும் பட விடமாட்டேன். வைகாசியில காய்ச்சல்ல படுத்துட்டேன், அன்னைக்குப் பாத்து அவ தொவைச்சுட்டா. கறையப் பாத்துருக்கா. பாத்தவ கேக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் எந்திரிச்சுப் பாத்தா பீரோவுல உள்ள அம்புட்டுப் பாவாடையிலயும் நாடா இல்ல! எல்லாத்தையும் உருவிட்டு, நாலு விரக்கடை அகலத்துக்கு மெத்துன்னு பட்டி வச்சுத் தச்சு அடுக்கி வச்சிருக்கா. என் பாவாடையில கை வைக்க இவ யாருங்கிறேன்? நானும் விடல. பட்டியப் பிரிச்சு, ஊக்குல நாடாவக் கோத்து, ஒவ்வொண்ணா உள்ள விட்டு இழுத்துட்டேன். காய்ச்சல் ஒடம்போட.

அப்பயும் அவ சண்டை போடல. 'அத்தை, மதுரைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவோம். நான் கூட வாரேன். நான் வெளிய நின்னுக்கிடுறேன்'ன்னா. அவ அப்படித் தாழ்ந்து பேசுனதுதான் எனக்குப் பொறுக்கல. 'கட்டுன புருசனுக்கே காட்டாத எடத்த உனக்குக் காட்டணுமா?'ன்னு கேட்டுட்டேன். அழுதுட்டுப் போயிட்டா. எங்க வீட்டுக்காரருக்கு வத்தல் மண்டியத் தவிர வேற ஒலகம் தெரியாது, அவருக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. ஆனா இவ எம் மகன்ட்டச் சொல்லிட்டா. நான் பெத்த மகன், சாப்பிட உக்காந்தவன், தட்டப் பாத்துக்கிட்டே, 'அம்மா, உனக்கு இடுப்புல ஏதோ புண்ணாம்ல'ன்னு கேக்குறான். எனக்கு அந்த எடத்துலயே பூமி பொளந்து உள்ள போயிரலாம்போல இருந்துச்சு. மானம் போச்சு தாயி. அவனுக்குச் சோறு போட அன்னைக்கு என் கை வரல.

அதனாலதான் ஒருத்தருட்டயும் சொல்லாம வந்தேன். அழகர் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன். சுகந்தியக் கூட்டிட்டு வந்தா, அவ சொன்னதுதான் நடந்துச்சுன்னு ஆயிரும்ல? நானா வந்ததா இருக்கட்டும்.

போன வாரமும் வந்தேன். இதே பெஞ்சுதான். பேரக் கூப்புட்டாக. எந்திரிச்சேன், நடந்தேன், உள்ள போறதுக்குப் பதிலா வெளிய போயிட்டேன். அருப்புக்கோட்டை பஸ்ஸுல ஏறி உக்காந்த பெறகுதான் செருப்ப இங்க விட்டுட்டுப் போனதே தெரிஞ்சது. இந்தா, இது அந்தச் செருப்புதான். இங்க உள்ளவுக எடுத்து ஓரமா வச்சிருந்தாக. அதக் குடுக்கும்போது அந்தச் சிஸ்டரு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூட தேவலை.

அந்த டாக்டரு முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் இருக்கு. வருசா வருசம், 'நீங்க வாங்கம்மா, நீங்க வாங்கம்மா'ன்னு கூப்புட்ட மனுசி. இங்க என்ன சாக்குச் சொல்ல? இங்க எலை போட்டுத் தயிர்சாதமா பரிமாற முடியும்?

நீ ஒண்ணு சொல்லு தாயி, நீ படிச்ச புள்ள. இம்புட்டு நாளு விட்டதுக்கு இன்னும் வெட்டி எடுக்குற அளவுலதான் இருக்குமா? தொடை இடுக்குல இப்ப நெல்லிக்கா மாதிரி ஒண்ணு கையில தட்டுப்படுது. அது வேறயா இருக்கும்ல? கனிக்கு அப்படி ஒண்ணும் இல்ல. நான் நைசாக் கேட்டுப் பாத்துட்டேன்.

பேரச் சொல்றாகளா? என் பேருதான். இரு. இரு, எந்திரிக்கிறேன். கதவு அந்தப் பக்கமா? இல்ல, அது வெளிய போற கதவு. தாயி, என் கையப் புடி. விட்டுறாத, விட்டா நான் அந்தப் பக்கம் போயிருவேன். நீயும் உள்ள வாரியா? ஒனக்கு அடுத்த டோக்கன்தான, ஒண்ணும் சொல்ல மாட்டாக. வா.

வணக்கம் டாக்டர். ஆமா, நான்தான். அருப்புக்கோட்டை. இல்ல டாக்டர், யாரையும் கூட்டிட்டு வரல. தெரிஞ்சவுகளுக்கும் இல்ல. எனக்குத்தான். இந்தப் புள்ளயா? இது... இது எனக்கு வேண்டிய புள்ள. கூட இருக்கட்டும்.

தாயி, இந்தத் திரை பூரா மூடல பாரு, இங்க ஒரு ஓரம் தொறந்து கெடக்கு. நீ அதப் புடிச்சுக்கிடு. ம், அப்படித்தான். உசத்திப் புடி. எத்தனையோ பேருக்கு நான் புடிச்சேன், எனக்கு நீ புடி.

இதோ, ஒரு நிமிசம் டாக்டர். முடிச்சு அவுர மாட்டேங்குது. காலையில கெளம்பும்போது பயத்துல ரெட்டை முடிச்சாப் போட்டேன். தாயி, உன்னால முடியுதா பாரு, சின்ன விரலு. நகத்த விட்டு இழு. முடியலையா? ரொம்ப இறுகிப் போச்சு. சிஸ்டர், கத்தரி இருக்கா? அறுத்துருங்க. பரவாயில்ல சிஸ்டர், பாவாடை போனா போகுது, அறுங்க.

ஆமா டாக்டர். அதேதான். கனிக்கு இருந்தது மாதிரியேதான். இடுக்குல ஒரு கட்டியும் இருக்கு, அதையும் பாத்துருங்க. எத்தன நாளாவா?

கனிக்கு முன்னாடியே டாக்டர். கனிக்கு ஒரு வருசம் முன்னாடியே.

ஏன் டாக்டர் பேச்ச நிறுத்திட்டீக? ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது செய்ங்க. வீட்டுல ஆருக்குச் சொல்லணும்னா கேக்குறீக? மகனுக்கு வேணாம். சுகந்திக்கு, எம் மருமகளுக்குப் போனப் போடுங்க. கோயில்ல இல்ல, இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க. பட்டி வச்ச பாவாடை ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

தாயி, நீ ஏன் மூஞ்சியச் சுவரு பக்கம் திருப்பிக்கிட்டு நிக்கிற? நானும் இப்படித்தான் நின்னேன். வேணாம். இங்க திரும்பு. நீயும் நாடா கட்டுறவதான, பாரு.